பொம்மைக் கல்லாப்பெட்டி வாங்குமுன்

பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பழைய தகரப் பொம்மைக் கல்லாப்பெட்டி கண்ணில் பட்டால், விலை கேட்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பெயிண்ட் பளபளக்கும், அடித்தகடு துருவேறிக் கிடக்கும். நம்ம ஊர் ஈரக்காற்று அப்படி.

அமெரிக்க ‘அங்கிள் சாம்’ உண்டியல் வகை என்றால் கூடுதல் கவனம். நிக்கல் (5 சென்ட்), டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) காசுகளைப் போடப் போடத் தொகை ஏறி, 10 டாலர் சேர்ந்தால்தான் திறக்கும். டைம் 17.91 மி.மீ., நம்ம 10 சென் 18.8. அதைத் திணித்துச் சோதித்தால் கணக்கும் ஏறாது, சிக்கிக்கொள்ளவும் கூடும். ஓர் அசல் டைம் கையில் இருக்கட்டும்.

மூடியதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். வளைந்த தகரத்தை நிமிர்த்தும்போது பெயிண்ட் உதிரும். லீவர் இறுகியிருந்தால் ஊசிமுனையில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய், பல்சக்கரத்தில் மட்டும். மணி அடிக்காததற்குப் பேரம் பேசலாம். டிராயர் ஸ்பிரிங் இல்லாததை, என்னைக் கேட்டால், அங்கேயே விட்டுவிடுங்கள்.