ஸ்பார்ஜ் தண்ணீர் எத்தனை லிட்டர்?

பீர் காய்ச்சும் சிமுலேட்டர் கேம் ஒன்றில் ஸ்பார்ஜிங் வரும்வரை எல்லாம் சுலபமாகத்தான் போனது. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடச் சொன்னது டுடோரியல். வால்வைத் திறக்கச் சொன்னது. அப்புறம் திரையில் "ஸ்பார்ஜ் செய்யவும்" என்று ஒரே வரி. எவ்வளவு தண்ணீர், என்ன சூடு, எப்போது நிறுத்துவது என்று மூச்சே விடவில்லை. தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டால், "டுடோரியலைப் பாருங்கள்" என்று பதில். அதைப் பார்த்துவிட்டுத்தானே ஐயா கேட்கிறேன்!

நிஜமாகவே வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எழுதியதைத் தேடிப் படித்த பிறகுதான் பிடிபட்டது. தேங்காயில் முதல் பால் எடுத்ததும் சக்கையில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் பிழிகிறோமே, அதேதான். முதலில் வடியும் வோர்ட், அதாவது மால்ட் ஊறிய இனிப்புச் சாறு, கெட்டியாக இருக்கும். சக்கையில் ஒட்டிக்கொண்ட மீதிச் சர்க்கரையை வெந்நீரால் கழுவி எடுப்பதே ஸ்பார்ஜிங்.

தண்ணீர்க் கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். எனக்கு வேண்டியது 20 லிட்டர். கொதிக்கும்போது ஒரு 4 லிட்டர் ஆவியாகும் என்றால், அடுப்பேறும்போது 24 இருக்க வேண்டும். 5 கிலோ மால்ட்டுக்கு 15 லிட்டர் ஊற்றியிருந்தேன். கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரை மால்ட் குடித்துவிடும், திருப்பித் தராது. ஆக வடிவது 10. பாக்கி 14 லிட்டர்தான் ஸ்பார்ஜ் தண்ணீர். இதைத் திரையின் ஒரு மூலையில் போட்டிருந்தால் என் ஞாயிற்றுக்கிழமைகள் பிழைத்திருக்கும்.

சூடு 75, 76 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் உமியிலிருந்து துவர்ப்பைத் தரும் டானின் இறங்கிவிடும். மதிப்பெண் பலகை "துவர்ப்பு அதிகம்" என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. கடைசிச் சொட்டு வரை கறக்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். வடிவதன் கிராவிட்டி (சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்தி, வெறும் தண்ணீருக்கு 1.000) 1.010க்கு இறங்கியதும் வால்வை மூடுங்கள். அதற்குமேல் பிஹெச் ஏறி, அதே துவர்ப்பு இன்னொரு வழியாக வந்து சேரும்.

கோதுமை நிறையச் சேரும் ரெசிபி என்றால் நெல் உமி ஒரு பிடி போட்டுக்கொள்ளுங்கள். கோதுமை மால்ட்டுக்கு உமி கிடையாது, பசைபோல் இறுகி வடியாமல் நின்றுவிடும். பொருள் பட்டியலில் நெல் உமி ஏன் இருக்கிறது என்பதையும் அந்த டுடோரியல் சொல்லவில்லை என்பது வேறு கதை.

நேற்றுப் போட்ட பேல் ஏல் என்ற பீர் வகைக்கு ரெசிபி கேட்ட கிராவிட்டி 1.055. வந்தது 1.054. துவர்ப்பு பூஜ்யம்.