அரியர் 31, இப்போது 61: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லூரிப் பெண்கள் கேள்வியை நான் எழுதிய விதம்

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. பெண்கள் வரலாறு தாளில் 61. போன முறை இதே தாளில் 31 வாங்கி, ஏழு மதிப்பெண்ணில் அரியர் வைத்திருந்தேன். நான் வேலை பார்க்கும் பள்ளியில் மதிய இடைவேளையில்தான் போனில் பார்த்தேன். ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு ஐந்தாவது பீரியடுக்குப் போனேன். நவம்பரில் எழுதப் போகிற தோழிகள் எப்படிப் படித்தாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மற்ற அலகுகளுக்கு எல்லாரும் படிப்பதைத்தான் நானும் படித்தேன். என்னைக் கவிழ்த்ததும் காப்பாற்றியதும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லூரிப் பெண்கள் பற்றிய மூன்றாம் அலகு. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் தடவை பத்து மதிப்பெண் கேள்வியில் "1881இல் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்கியது" என்று அடிக்கோடிட்டு எழுதினேன். கையில் இருந்த ஜெராக்ஸ் நோட்ஸில் அப்படித்தான் இருந்தது. அது தவறு. 1881இல் கிடைத்தது டிரைபாஸ் என்கிற கேம்பிரிட்ஜ் பட்டத் தேர்வை முறைப்படி எழுதும் உரிமை மட்டும்தான். முடிவை வெளியிடும்போது பெண்களின் பெயர்கள் தனிப் பட்டியலாக வந்தன. பட்டம் கிடையாது. 1921இல் பெயரளவுக்கு ஒரு பட்டம், 1948இல்தான் முழு உரிமை. தேர்வு எழுதுவது வேறு, பட்டம் வாங்குவது வேறு. இந்த ஒரு வித்தியாசம் புரியாததால் என் விடை முழுக்கச் சாய்ந்துவிட்டது. பட்டமே கொடுத்தாயிற்று என்று எழுதிவிட்டு, 1897இல் அதே பட்டத்துக்காக ஏன் வாக்கெடுப்பு நடந்தது என்று எப்படி விளக்க முடியும்? அந்த நோட்ஸ் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. உங்களிடம் இருந்தால் அந்த வரியை இன்றே அடித்துவிடுங்கள்.

அரியருக்குப் படிக்கும்போது ஆண்டுகளைத் திரும்ப மனப்பாடம் செய்யத் தெம்பு இல்லை. எனக்கு எதையும் கதையாகச் சொன்னால்தான் நிற்கும். ராத்திரி அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். அவளிடம் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் பெண்களுக்கென்று இருந்த கர்ட்டன் கல்லூரி மாணவி ஒருத்தியின் ஒரு நாளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்தாள், வகுப்புக்குப் போனாள் என்று நான் சொல்லச் சொல்ல, அத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "அதுக்கு அந்தப் பிள்ளை யாருகிட்ட கேக்கணும்?"

அத்தை எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒன்பதாவதுக்குப் போக யாரிடமெல்லாம் கேட்க வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்விதான் எனக்குத் தேர்வு முழுவதற்கும் சாவியாக ஆனது. அன்று ராத்திரியே ஒரு சார்ட் பேப்பரில் பெரிய கடிகாரம் வரைந்து, ஒவ்வொரு மணிக்கும் அவள் என்ன செய்தாள் என்பதை நீலத்திலும், யாருடைய அனுமதி தேவைப்பட்டது என்பதைச் சிவப்பிலும் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இரண்டு மாதம் புடவை எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்த்தேன்.

அந்தக் கடிகாரத்தில் இருந்ததைச் சொல்கிறேன்.

காலை. கர்ட்டனில் ஒவ்வொரு மாணவிக்கும் படுக்கையறை ஒன்று, உட்கார்ந்து படிக்க ஓர் அறை. கதவைச் சாத்திக்கொண்டால் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் விருந்தினர் வந்தால் எழுந்துபோக வேண்டிய மகளுக்கு இது என்ன மாதிரியான விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதற்கு ஆண்டுக் கட்டணம் 105 பவுண்ட். அப்பா சம்மதித்தால்தான் அந்தக் கதவு. சிவப்பில் முதல் வரி: அப்பா.

வகுப்பு நேரம். எமிலி டேவிஸ் 1869இல் ஐந்து மாணவிகளோடு தொடங்கிய கல்லூரி முதலில் ஹிட்சின் ஊரில் ஒரு வாடகை வீட்டில் நடந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து ஆசிரியர்கள் ரயிலில் வந்து பாடம் நடத்தினார்கள். 1873இல் கர்ட்டன் கிராமத்துக்கு மாறியபோதும் நகரத்திலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் தள்ளித்தான் கட்டினார்கள். ஆண் மாணவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த தூரம் அது. விரிவுரைக்குக் குதிரை வண்டியில் போக வேண்டும். கூடவே துணைக்கு ஒரு மூத்த பெண்மணி வந்து வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். வகுப்புக்குள் விடுவதா வேண்டாமா என்பது அந்தந்தப் பேராசிரியரின் விருப்பம். பிடிக்காதவர் மறுத்துவிடலாம். சிவப்பு மை இங்கேதான் அதிகம்.

ஆய்வகம். பெண்களுக்கென்று தனியாக பால்ஃபர் உயிரியல் ஆய்வகம் 1884இல் திறந்தது. சாதனை என்று மட்டும் எழுதாதீர்கள். தனியாக ஏன் தேவைப்பட்டது என்றும் எழுதுங்கள்.

மாலை. டென்னிஸ், ஹாக்கி. கர்ட்டனில் மாணவிகளே நடத்திய தீயணைப்புப் படை கூட இருந்தது. வாளி, கைப்பம்பு வைத்துப் பயிற்சி செய்தார்கள். இதைச் சும்மா சுவைக்காகச் சேர்க்கக் கூடாது. 1873இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க், அதிகம் படித்தால் பெண்களின் உடல், குறிப்பாகக் குழந்தை பெறும் திறன் கெட்டுவிடும் என்று புத்தகமே எழுதியிருந்தார். அந்தப் பயம் கடல் தாண்டியும் பரவியிருந்தது. அதனால் மாணவி ஓடி விளையாடுவதே ஒரு பதிலாக இருந்தது. 1890இல் நியூன்ஹாம் என்ற இன்னொரு கேம்பிரிட்ஜ் பெண்கள் கல்லூரியைச் சேர்ந்த திருமதி சிட்ஜ்விக் மாணவிகளின் உடல்நலத்தை, கல்லூரிக்குப் போகாத அவர்களின் சகோதரிகளோடு ஒப்பிட்டுப் புள்ளிவிவரம் வெளியிட்டார். கிளார்க்குக்கு அடுத்த வரியில் இதை வையுங்கள்.

ராத்திரி பத்து மணி. எனக்கு மிகவும் பிடித்த மணி. ஒருத்தியின் அறையில் கணப்பில் கரி எரியும், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும். நான்கைந்து பேர் கோகோ கோப்பையோடு கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அதுவரை ஒருவரையொருவர் "மிஸ்" போட்டுக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். மூத்த மாணவி ஒருத்தி இளையவளிடம், இனி நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று முறைப்படி கேட்பாள். அதற்கென்றே அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. நாளில் இந்த ஒரு மணிக்கு மட்டும் சிவப்பில் வெளியாள் யாரும் இல்லை. அவர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள்.

அப்புறம், இவற்றைக் கட்டாயம் கவனியுங்கள்:

- கர்ட்டனையும் நியூன்ஹாமையும் குழப்ப வேண்டாம். நியூன்ஹாம் தொடங்கியது 1871, தொடங்கியவர்கள் ஆன் கிளஃப், ஹென்றி சிட்ஜ்விக். ஆண்களுக்கான அதே தேர்வு, அதே காலக்கெடு என்று பிடிவாதம் பிடித்தது கர்ட்டன்.
- அமெரிக்காவைக் கேட்டால் அங்கே தொடங்கிய பெண்கள் கல்லூரிகள்: வாஸர் 1865, வெல்ஸ்லி 1875. வெல்ஸ்லியில் அப்போது மாணவிகள் தினமும் கொஞ்ச நேரம் வீட்டுவேலை செய்ய வேண்டியிருந்தது. கர்ட்டனில் வேலைக்காரர்கள் இருந்தார்கள். ஒப்பீடு கேட்டால் இது ஒன்றே போதும்.
- இந்தியத் தொடர்பு இரண்டு வரி: 1883இல் சந்திரமுகி பாசு, காதம்பினி கங்குலி கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார்கள். கேம்பிரிட்ஜ் கொடுக்க 65 ஆண்டுகள் முன்பே.
- நிறுவனர் பெயர்களை வரிசையாக அடுக்காதீர்கள். நான் அடுக்கித்தான் 31 வாங்கினேன்.

குறிப்பேடு போட்டு, அட்டவணை பிரித்துப் படிப்பவர்களுக்கு என் முறை சரிவராமல் போகலாம். வாய்விட்டுச் சொல்லிப் படிக்கிறவர்களுக்குத்தான் இது பிடிபடும். கேட்க ஆள் வேண்டும், அந்த ஆள் உங்கள் பாடம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

தேர்வன்று வினாத்தாள் கொடுக்கக் கொஞ்சம் தாமதமானது. 1873இல் முதல் கர்ட்டன் மாணவிகள், உரிமையாக இல்லாமல் தேர்வாளர்களின் தயவில், ஊருக்குள் ஒரு ஹோட்டல் அறையில் டிரைபாஸ் எழுதக் காத்திருந்ததும், தாளைக் கொண்டுவருபவர் வழி தவறித் தாமதமானதும், எமிலி டேவிஸ் பின்னல் ஊசிகளோடு அருகே உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தது. கை நடுக்கம் நின்றது. தாளைத் திருப்பினேன். பகுதி இ-யில் முதல் கேள்வியே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்லூரிப் பெண்களின் அன்றாட வாழ்க்கை. கடிகாரத்தை அப்படியே எழுதினேன். காலையில் தொடங்கி கோகோவில் முடித்துவிட்டு, 1897க்குப் போனேன். பட்டம் கேட்ட வாக்கெடுப்பு அன்று பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கட்டடத்துக்கு எதிரே சைக்கிளில் உட்கார்ந்த பெண் பொம்மையைத் தொங்கவிட்டு மாணவர்கள் கூச்சலிட்டார்கள். தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது.

ஐந்து நிமிடம் மீதி இருந்தது. அத்தை கேட்ட இன்னொரு கேள்வி ஞாபகம் வந்தது. 1890இல் நியூன்ஹாம் மாணவி ஃபிலிப்பா ஃபாசெட் கணிதத்தில் "சீனியர் ராங்ளருக்கும் மேல்", அதாவது ஆண்களில் முதலிடம் வாங்கியவனுக்கும் மேல், என்று அறிவிக்கப்பட்டதை, அன்று கல்லூரியில் சொக்கப்பனை போல நெருப்பு வளர்த்துக் கொண்டாடியதைச் சொன்னபோது அத்தை வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா கடைசியில பட்டம் வாங்குச்சா?" என்றாள். அதற்கான பதிலைக் கடைசிப் பத்தியாக எழுதினேன். பெண்களுக்கு கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு அரச ஒப்புதல் கிடைத்து ஒரு மாதத்தில், 1948 ஜூன் 10 அன்று, ஃபிலிப்பா ஃபாசெட் தன் 80ஆவது வயதில் இறந்துபோனார்.