பரிணாமவியல் அரியர்: மலையை எடுத்துவிட்டுப் பாருங்கள்

முந்தாநாள் முடிவு வந்தது. 75-க்கு 58. முதல் முறை 24. கூடப் படித்தவர்கள் பி.எட். சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. எனக்கு மட்டும் இந்த ஒரு தாள் தொண்டையில் முள்ளாக நின்றது.

தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது சிற்றினத் தோற்றம், அதாவது ஓர் உயிரினம் பிரிந்து புது இனம் உருவாவது, என்ற ஓர் அலகைப் பற்றி மட்டும் (பறவையின் அலகு பின்னால் வருகிறது). லாமார்க், புதைபடிவம், குதிரையின் கால் எல்லாம் மனப்பாடத்தில் தேறிவிடும். இது தேறாது.

முதல் முறை, தனிமைப்படுதலால் சிற்றினம் தோன்றுவதை விளக்கச் சொல்லி எட்டு மதிப்பெண் கேள்வி. நான்கு பக்கம் எழுதினேன். உள்ளூர் உதாரணம் கொடுத்தால் திருத்துபவர் மகிழ்வார் என்று மட்டி, ஏத்தன், செந்துளுவன் என்று எங்கள் வாழை விளையையே விடைத்தாளில் இறக்கினேன். கன்று நட்டு மனிதன் பெருக்கும் ரகங்கள் அவை. அங்கே தேர்ந்தெடுத்தது இயற்கையல்ல, என் அப்பா. அதைவிட மோசம், 'மலை குறுக்கே வந்ததும் இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள் ஆகின்றன' என்ற வரி. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது அதன் கீழ் சிவப்புக் கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கிடைத்தது 2.

அந்தக் கேள்விக்குறிதான் எனக்கு ஆசிரியர். பிரிவது வேறு, இனமாவது வேறு. இப்போது எந்த உதாரணத்தைப் படித்தாலும் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நடுவிலுள்ள தடையை எடுத்துவிட்டால் இரண்டும் மறுபடி கூடி, வளமான, அதாவது தாமும் இனம்பெருக்கக்கூடிய, குட்டிகளை ஈனுமா? ஈனுமென்றால் அது வெறும் பிரிவு. 1942-இல் பரிணாமவியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் சிற்றினத்துக்குக் கொடுத்த வரையறையும் இதைத்தான் சொல்கிறது. எனக்கு அது வரையறையாக மண்டையில் ஏறவில்லை, கேள்வியாக ஏறியது.

இதற்குப் பனாமாவைப் போல் உதாரணம் கிடையாது. நம் கன்னியாகுமரியில் கடல்கள் கூடுவதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. அங்கே ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் எழுந்து ஒரே கடலை இரண்டாக அறுத்தது. கொடுக்கைச் சொடுக்கி ஓசை எழுப்பும் இறால்கள் இரு பக்கமும் மாட்டிக்கொண்டன. மரபணுக்கள் கலக்க வழியில்லை. மரபணுவில் நேரும் திடீர்மாற்றங்கள் இரு பக்கமும் தனித்தனியே சேர்ந்தன. இயற்கைத் தேர்வு ஒவ்வொரு பக்கமும் அந்தந்தக் கடலுக்கு ஏற்றதை நிறுத்தியது. பிறகு ஆய்வாளர்கள் இரு கரை இறால்களையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் சண்டை. தடையை எடுத்தாகிவிட்டது, ஆனாலும் சேரவில்லை.

டார்வின் குருவிகளை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் கிராண்ட் தம்பதியரை எழுதுங்கள். 1973 முதல் காலாபகஸின் டாஃப்னி மேஜர் தீவில் அந்தக் குருவிகளை அலகலகாக அளந்தவர்கள். 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்து, நம் நெருஞ்சிக்கு உறவான செடியின் கடினமான முள்ளுக்காய்தான் மிஞ்சியது. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அப்படிப்பட்டவை அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு தடித்திருந்தது. 1983 பெருமழைக்குப் பின் சிறு விதைகள் பெருக, காற்று எதிர்ப்பக்கம் வீசியது. ஆனால் இது சிற்றினமாதல் அல்ல, இயற்கைத் தேர்வு மட்டும்தான். அந்த வித்தியாசத்தை ஒரே வரியில் எழுதினேன். மதிப்பெண் அங்கேதான் விழுந்தது என்பது என் நம்பிக்கை.

உள்ளூர் உதாரண ஆசை விடவில்லை. வடசேரி அசம்பு ரோட்டில் எத்தனை முறை ஜெராக்ஸ் எடுக்க நடந்திருப்பேன்! மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள அசம்பு மலைகளின் பெயரில் 2017-இல் ஒரு சோலைப் (உயர்மலைக் காட்டு) பறவை புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டது. சிரிப்பான் பறவைகளும் அப்படித்தான்: வயநாட்டின் பாணாசுரம், நீலகிரி, பழனி, அசம்பு என்று மலைக்கொன்றாக நான்கு. குளிர்ந்த சோலைக்குப் பழகியவை தாழ்ந்து வெப்பமாகக் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயையும் செங்கோட்டைக் கணவாயையும் கடப்பதில்லை. கணவாயைத் தூர்க்க முடியாதே, என் கேள்வி இங்கே பலிக்காது. மரபணு, உருவம், குரல் ஆகியவற்றை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இதையும் ஒப்புக்கொண்டு எழுதினேன்.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- 'தேவைக்காக அலகை மாற்றிக்கொண்டது' என்று எழுதவே எழுதாதீர்கள். ஒரு பறவை மாறுவதில்லை, கூட்டத்தின் விகிதம் மாறுகிறது.
- ஓரிடச் சிற்றினமாதலுக்கு ஆப்பிள் ஈ. அமெரிக்காவில் முட்செடிக் கனியில் வாழ்ந்த ஈக்களில் ஒரு பகுதி 19-ஆம் நூற்றாண்டில் ஆப்பிளுக்கு மாறியது. கனியின் மேலேயே இணைசேர்வதாலும், பழுக்கும் காலம் வேறுபடுவதாலும் மலையே இல்லாமல் விலகத் தொடங்கின. இன்னும் முழுச் சிற்றினம் ஆகவில்லை; 'ஆகிவிட்டது' என்று எழுதினால் போச்சு.
- கோவேறு கழுதை: பிறக்கும், பெருகாது. இரண்டு வரி போதும்.
- குழுப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. பேச்சுத்தான் பெருகியது. விடியற்காலை, தனியாக, தாளில் எழுதிப் பார்ப்பது.
- கேள்வி எண்ணை முதலில் எழுதுங்கள்.

கடைசியைச் சொல்லக் காரணம் உண்டு. மிஞ்சிய ஐந்து நிமிடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை வரைந்து இரண்டு கணவாய்களையும் குறித்தேன். அசம்புவைக் குறிக்கும்போது மணி அடித்தது. படத்துக்கு எண் போட்டேனா என்ற சந்தேகம் குலசேகரம் பஸ்ஸில் ஏறியபோது தொடங்கியது, முந்தாநாள்தான் விட்டது.