சிவப்பு எரிந்தால் டவர் சொன்னாலும் கடக்காதீர்கள்

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகளில் சிலருக்கு விமான நிலையத்துக்குள்ளேயே வேலை கிடைக்கிறது. சாமான் இழுக்கும் ட்ரக்டர், எண்ணெய் பவுசர், பயணிகள் பஸ் என்று ஏப்ரனில் (விமானங்களை நிறுத்திவைக்கும் தளத்தில்) ஓட்டிப் பழகிய பிறகு, ஓடுபாதைப் பக்கம் போகும் அனுமதியும் சிலருக்கு வரும். அங்கே எது எதனால் மோதுகிறது, அதை எப்படித் தடுக்கிறார்கள் என்பதை அந்த அனுமதிக்குப் போகுமுன் தமிழில் விளங்கி வைத்திருந்தால் பயிற்சி வகுப்பு பாதிச் சுமைதான். அதற்காகவே இந்தப் பதிவு.

இறங்கும் பெரிய விமானம் மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபாதையைத் தொடும். செக்கனுக்கு 70 மீற்றருக்கு மேல். இரவில் முன்னால் இன்னொரு விமானம் நின்றால் அதன் வால் விளக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகளோடு கலந்துவிடும், இறங்கும் விமானிக்குப் பிரித்துத் தெரியாது. தெரியும் நேரம் பிரேக்குக்குப் பிந்திய நேரம். அதனால்தான் ஓடுபாதையில் ஒரு நேரத்தில் ஒன்று என்பது விதி. கல்லடியில் 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை பழைய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடிந்த பிறகுதானே மறுபக்கத்தை விட்டார்கள், அதே ஒழுங்கு. ஆனால் பாலத்தில் பிழை விட்டவர் ரிவர்ஸ் எடுக்கலாம்.

முதலில் கோடு. விமானங்கள் ஊர்ந்து போகும் டாக்ஸிவே ஓடுபாதையைச் சேரும் இடத்துக்கு முன் மஞ்சளில் நான்கு கோடுகள் குறுக்கே கிடக்கும். இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் அனுமதி இல்லாமல் தாண்ட முடியாது. விட்ட கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே உள்ளே நிற்கிறீர்கள், வெளியே வரவேண்டும். பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் இலக்கம் இருக்கும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் அது நீங்கள் நிற்கும் இடம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் போகும் திசை. இவ்வளவும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வரவேண்டும்.

பெரிய விமானங்கள் கருவி வழிகாட்டலில் இறங்கும் ஓடுபாதைகளில் இந்தக் கோடு நடுக்கோட்டிலிருந்து 90 மீற்றர் தள்ளி இருக்கும். புதிதாக வரும் ஓட்டுநருக்கு ஓடுபாதை எங்கோ தூரத்தில் தெரியும், இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போய் நிற்கலாமே என்று கை போகும். அந்த 90 மீற்றர் சும்மா விட்டதல்ல. விமானத்தின் சிறகுக்கும், அது நடுவிலிருந்து கொஞ்சம் விலகினால் வேண்டிய இடத்துக்கும், இறக்கும் கருவியின் சமிக்ஞை கெடாமல் இருப்பதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட தூரம். வெளியே வரும்போதும் இதே கவனம் வேண்டும். முன் சில்லு கோட்டைத் தாண்டியதும் ரேடியோவில் "வெளியேறிவிட்டேன்" என்று சொல்லக்கூடாது. பின்னால் இழுத்துவரும் ட்ரொலியின் கடைசிச் சில்லும் தாண்டிய பிறகே சொல்லவேண்டும்.

அடுத்தது குரல். 1977 மார்ச் 27இல் தெனரீஃப் தீவில், மூடுபனிக்குள், கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஒன்று அனுமதி கிடைக்காமலேயே புறப்பட்டு, அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்த பான் ஆம் ஜம்போவில் மோதியது. 583 பேர் இறந்தார்கள். புறப்பாட்டுக்குப் பிறகு போகவேண்டிய வான்வழியைத்தான் டவர், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரம், சொல்லியிருந்தது. அதைத் திருப்பிச் சொன்ன துணை விமானி, புறப்படுகிறோம் என்று பொருள்படும் ஒரு வசனத்தையும் சேர்த்தார். டவர் "ஓகே" என்று தொடங்கி, பொறுங்கள் என்று சொன்னது. அதே கணத்தில் பான் ஆம் விமானியும் தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் என்று சொன்னார். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் கேட்பது கீச்சென்ற சத்தம்தான். கே.எல்.எம். விமானி அறையில் கேட்டது "ஓகே"யும் அந்தக் கீச்சும்.

இன்றைய ரேடியோ ஒழுங்கில் பாதி அந்த விபத்தோடு சம்பந்தப்பட்டது. "டேக் ஓஃப்" என்ற சொல்லை உண்மையான புறப்படும் அனுமதியிலும், அதை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே சொல்லலாம். மற்ற இடத்தில் எல்லாம் "டிப்பார்ச்சர்". ஓடுபாதைக்குள் நுழை, குறுக்கே போ, வெளியே நில் என்று வரும் ஒவ்வொரு சொல்லையும் ஓடுபாதை இலக்கத்தோடு திருப்பிச் சொல்லவேண்டும். "ரொஜர்" போதாது. "ரொஜர்" என்றால் கேட்டது என்று மட்டும்தான் பொருள், என்ன கேட்டது என்று டவருக்குத் தெரியாது.

திருப்பிச் சொன்னாலும் பிழை நடக்கலாம். 2024 ஜனவரி 2இல் தோக்கியோவின் ஹனேடாவில் கடலோரக் காவல் விமானத்துக்கு டவர் "நம்பர் வன், சி5 நிறுத்தக்கோடு வரை வாருங்கள்" என்றது. அவர்கள் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஓடுபாதைக்குள்ளேயே போய் நின்றார்கள். ஏறத்தாழ 40 செக்கன். ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 வந்து இறங்கியது அவர்கள் மேல். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல் விமானத்தின் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஸ்டொப் பார் வருகிறது. கோட்டுக்குக் குறுக்கே தரையில் பதித்த சிவப்பு விளக்கு வரிசை, விளக்குக்கு விளக்கு மூன்று மீற்றருக்கு மேல் போகாது. டவரில் ஆள் பொத்தானை அழுத்தினால் சிவப்பு அணையும், உள்ளே கூட்டிப்போகும் பச்சை விளக்குகள் எரியும். வண்டி தாண்டியதும் உணரியோ நேரக் கணக்கோ சிவப்பை மறுபடி ஏற்றிவிடும். அனுமதி வாயாலும் வரவேண்டும், விளக்காலும் வரவேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நின்று கேட்பதுதான் விதி. டவர் "கிராஸ்" என்று சொல்லியும் சிவப்பு எரிந்தால் போகக்கூடாது. விளக்குப் பழுதென்றால் அதற்கென்று எழுதிவைத்த தனி நடைமுறை இருக்கும். ஹனேடாவில் சி5 விளக்குகள் அன்று பராமரிப்பில் இருந்தன. இயங்கியிருந்தாலும் அவை பார்வைத் தூரம் குறையும்போது போடுவதற்கென்று வைத்தவை. அன்று வானம் தெளிவு. என் கணிப்பில் இதுதான் இந்தத் துறையின் பெரிய பிழை: ஸ்டொப் பாரை மூடுபனி நேரத்து உபகரணமாக மட்டும் நினைப்பது. 24 மணி நேரமும் எரியவேண்டிய விளக்கு அது.

களத்தில் எது எங்கே நிற்கிறது என்று டவருக்குக் காட்டும் ராடருக்கு ஆட்கள் கொடுக்கும் மரியாதை எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. நல்ல கருவிதான். விமானத்தின் ட்ரான்ஸ்பொண்டர் (தன் அடையாளத்தைத் தானாக அனுப்பும் கருவி) விடும் சமிக்ஞை களத்தைச் சுற்றியுள்ள பல வாங்கிகளுக்குப் போய்ச்சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவார்கள். தரை ராடரையும் அதோடு சேர்த்து, இரண்டு புள்ளிகள் மோதும் போக்கில் இருந்தால் எச்சரிக்கும். அமெரிக்காவில் 35 விமான நிலையங்களில் அப்படி ஒரு தொகுதி இருக்கிறது. ஆனால் தேவைப்பட்ட நாட்களில் நடந்ததைப் பாருங்கள். 1991இல் லொஸ் ஏஞ்சலிஸில், ஓடுபாதையில் நிறுத்திய சிறு விமானத்தை மறந்துவிட்டு இன்னொன்றை இறங்கவிட்டார்கள். தரை ராடர் அன்று வேலை செய்யவில்லை. 2001 ஒக்டோபர் 8இல் மிலானின் லினாத்தேயில் பனிக்குள் சிறு ஜெட் ஒன்று ஆர்5 என்று சொன்ன வழியை விட்டு ஆர்6இல் போனது, 118 பேர் இறந்தார்கள். பழைய ராடரைக் கழற்றியாயிற்று, புதியது பூட்டவில்லை. விமானி தான் நிற்பதாகச் சொன்ன எஸ்4 என்ற அடையாளம் டவருக்குத் தெரியவே தெரியாது. ஹனேடாவில் கருவி வேலை செய்தது, திரையில் நிறமும் மாறியது. சத்தம் போடாத எச்சரிக்கை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் போய்ச்சேரவில்லை.

ஏப்ரனில் நடக்கும் மோதல்கள் வேறு வகை. மெதுவானவை, ஆளைக் கொல்வது குறைவு, செலவு பயங்கரம். 777-300இஆர் சிறகு நுனிக்கு நுனி 64.8 மீற்றர், ஏ380 79.8 மீற்றர். பெரிய விமானத்தின் விமானிக்குத் தன் சிறகு நுனி ஆசனத்திலிருந்து தெரியாமல் போகலாம். அதனால் பின்தள்ளும்போது நெருக்கமான இடமென்றால் இரண்டு சிறகுக்கும் ஆள் நடக்கவேண்டும். அந்த ஆளின் கை இறங்கினால் ட்ரக்டர் நிற்கவேண்டும், காரணம் பிறகு கேட்கலாம்.

பெரிய களங்களுக்குத்தான் இந்தக் கதை என்று நினைக்கவேண்டாம். கட்டுநாயக்கவிலும் ஒரே ஓடுபாதை, 3,350 மீற்றர். திமிலைதீவுப் பக்கம் இருக்கும் நம் மட்டக்களப்பு நிலையம் விமானப்படையும் சிவில் விமானங்களும் சேர்ந்து பாவிப்பது. ஓடுபாதைக்கு இணையான டாக்ஸிவே இல்லாத எந்தச் சிறு களத்திலும், இறங்கிய விமானம் அதே ஓடுபாதையில் திரும்பி ஊர்ந்துதான் வெளியேறவேண்டும். அந்த இரண்டு மூன்று நிமிடமும் அடுத்தவரை இறங்கவிட முடியாது. புல் வெட்டும் வண்டிக்கும் பறவை விரட்டும் ஜீப்புக்கும் மஞ்சள் சுழல் விளக்கும் டவர் அலைவரிசையும் கட்டாயம். மாடு உள்ளே வந்தால், சர்வதேச வரையறையின்படி அது "ஓடுபாதை ஊடுருவல்" கணக்கில் சேராது. விமானம், வாகனம், மனிதர் மட்டும்தான் சேரும். வேலிக்காரருக்குச் சந்தோஷமான வரையறை!

இனி ஓட்டுபவருக்கு. டாக்ஸிவேயில் வழி தவறினால் நிறுத்துங்கள், உடனே டவரிடம் "நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு அடுத்த பலகைவரை போய்ப் பார்ப்பவர்தான் ஓடுபாதையில் ஏறுவார். ஓடுபாதைக்குள்ளேயே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் ஒழுங்கு மாறும்: முதலில் வெளியேறுங்கள், பிறகு சொல்லுங்கள். அவசர வண்டிக்கும் தானாக உரிமை கிடையாது. 2022 நவம்பரில் லிமாவில் பயிற்சிக்குப் போன தீயணைப்பு வண்டி ஓடுபாதையில் ஏறி, புறப்பட்டு ஓடிக்கொண்டிருந்த ஏ320இல் மோதியது.

ரேடியோ செத்துப்போனால் டவர் விளக்கால் பேசும். பச்சை மின்னினால் குறுக்கே போகலாம் அல்லது டாக்ஸிவேக்கு ஏறலாம். அசையாத சிவப்பு என்றால் நில். சிவப்பு மின்னினால் ஓடுபாதையையோ டாக்ஸிவேயையோ விட்டு விலகி, விமானம் வருகிறதா என்று பார். வெள்ளை மின்னினால் உள்ளூர் நடைமுறைப்படி களத்தை விட்டு முழுதாக வெளியே போ. டவர் பக்கம் பார்க்காமல் நீங்கள் வேலையில் மூழ்கியிருந்தால், ஓடுபாதை விளக்குகளையே அணைத்து அணைத்து எரிப்பார்கள். அதைக் கண்டால் கோட்டுக்கு வெளியே வந்து, டவரின் விளக்கு என்ன நிறம் என்று பாருங்கள்.