ரீச்சர் கீறிய பெட்டிகள்

போன மாதம் கனடாவில், ஸ்காபரோவில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபோது, எங்கள் கணக்கு ரீச்சர் காலமான செய்தி வட்ஸ்அப்பில் வந்தது. பெயர் சொல்லத் தேவையில்லை. ரெயின் கடந்து போகும்வரை வெண்கட்டியைக் கரும்பலகையில் ஊன்றியபடி நின்று, விட்ட சொல்லிலிருந்தே பாடத்தைத் தொடர்கிற ரீச்சர் எங்கள் பள்ளியில் ஒருவர்தான். பள்ளி மலருக்கு எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கத்தார் இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் ஆண்டு 11 முடிவில் வரும் ஓ.எல். சோதனை வரை கணக்குப் படிப்பித்தவர். எனக்கு அவருடைய பாடம் அதோடு முடியவில்லை. 1996 இரண்டாம் தவணையில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேர்ஸ்டன் வீதிக் கம்பஸில் கல்வியியல் படித்துக்கொண்டிருந்த என்னைக் கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கே அனுப்பினார்கள். கிடைத்தது ரீச்சருடைய ஆண்டு 10 வகுப்பு. அந்த வருடம் மழையில்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பு முழுக்க மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் பாடக்குறிப்பு எழுதி, அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு காலையில் 155 பஸ் பிடிப்பேன். ஒவ்வொரு 40 நிமிடத்துக்கும் முன்னால் வயிறு கலங்கும். வகுப்பில் 42 பிள்ளைகள். பின்வரிசையில், ஒரு அப்பியாசக் கொப்பியோடு ரீச்சர்.

அன்றைக்கு இருபடிச் சமன்பாடு. வீட்டுவேலை செய்யாதவர்கள் எழும்பச் சொன்னேன். யன்னலோரத்தில் ஒரு பிள்ளை மட்டும் எழும்பினாள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்குக் காத்திருந்து கொழும்புக்கு வந்த குடும்பம். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள்.

"ஏன் செய்யேல்லை?"

"லொட்ஜிலை இருந்து எழுத ஏலாமல் போச்சு, ரீச்சர்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பின்னால் ரீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார், வகுப்பை நான் அடக்கிக் காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் மண்டையில் இருந்தது. "மேசை இல்லாட்டில் கட்டிலிலை வைச்சு எழுதலாம்தானே? மனமிருந்தால் எழுதலாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாவாடை மடிப்பை விரலால் நீவிக்கொண்டு நின்றாள். பாடம் முடியும்வரை அவளை இருக்கச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

மணி அடித்த பிறகு ரீச்சர் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். "பிள்ளை, வீட்டிலை ஆறுதலாப் பார்" என்றார். அவ்வளவுதான்.

பஸ்ஸிலேயே பார்த்தேன். பென்சிலால் கீறிய 42 பெட்டிகள், வகுப்பில் கதிரைகள் இருந்த ஒழுங்கிலேயே. ஒரு பிள்ளையை நான் பார்த்துக் கதைத்த ஒவ்வொரு முறைக்கும் அந்தப் பெட்டியில் ஒரு கோடு. முன் இரண்டு வரிசையும் கோடுகளால் நிரம்பிக் கிடந்தன. கெதியாய்க் கையுயர்த்துகிற ஒருத்திக்கு மட்டும் 9. பின்பக்கம் முழுக்க வெறும் பெட்டிகள். யன்னலோரப் பெட்டியில் ஒரே ஒரு கோடு. அது நான் ஏசின கோடு.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. இந்தத் தொழில் எனக்குச் சரிவராது, விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் அழுதேன்.

அடுத்த நாள் இடைவேளையில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து, கொப்பியைத் திறக்கச் சொன்னேன். காரணி பிரிக்கிற விதத்தை மெல்லக் காட்டினேன். மூன்றாவது கணக்கில் அவளாகவே சொன்னாள்: "முந்தநாள் ராத்திரி லொட்ஜைச் செக் பண்ண வந்தவை, ரீச்சர். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் விடியத்தான் விட்டவை." கொழும்பில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்து சில மாதங்கள்தான். தமிழர் தங்குகிற வெள்ளவத்தை லொட்ஜுகளில் பொலிஸ் சோதனை என்று என்ன நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த கணக்கைச் செய்யச் சொன்னேன். இரண்டு கிழமைக்குப் பிறகு அவளுடைய கதிரை வெறுமையாகிவிட்டது. சுவிஸில் மாமாவிடம் போய்விட்டார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

ரீச்சர் பயிற்சி முடியும்வரை ஒவ்வொரு கிழமையும் பெட்டி கீறித் தந்தார். கடைசித் தாளில் வெறும் பெட்டிகள் மூன்றுதான். அந்த மூன்றின் மேலும் பிள்ளைகளின் பெயரை எழுதியிருந்தார்.

பிறகு அதே பள்ளியில் எனக்கு நியமனம் கிடைத்தது. 1998 ஓகஸ்டில் கனடா விசாவும் வந்தது. என் ஆண்டு 11 வகுப்புக்கு டிசம்பரில் ஓ.எல். சோதனை. விடைபெறப் போனபோது ரீச்சர் கேட்டது ஒரே கேள்வி. "உன்ரை வகுப்பை ஆர் எடுக்கிறது?"

"ஆரையும் போடுவினம், ரீச்சர்" என்றேன்.

ஒருவரையும் போடவில்லையாம். தன்னுடைய நேரசூசியில் ஓய்வாக இருந்த பாடவேளைகளையெல்லாம் கொடுத்து, டிசம்பர் வரை ரீச்சரே அந்த வகுப்பை எடுத்திருக்கிறார். அவருடைய செத்தவீட்டுக்குப் போய்வந்த என் பழைய மாணவி ஒருத்தி போனில் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். இங்கே வந்த பிறகு நான் ஒரு வகுப்பின் முன்னாலும் நிற்கவில்லை. அந்தத் தாள்கள் கடவுச்சீட்டு வைக்கிற பெட்டிக்குள் இருக்கின்றன. பென்சில் கோடுகள் மங்கிவிட்டன. ஆனால் யார் எங்கே இருந்தார்கள் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும்.