குறும்பியும் குழாய்த் தண்ணீரும்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்த புதிது. ஓ.பி.யில் உட்கார்ந்தால் காதடைப்பு என்று வருகிறவர்கள்தான் அதிகம். பலருக்குக் காரணம் வெறும் குறும்பி. பட்ஸ் விட்டு எடுக்கிறேன் என்று அதை இன்னும் உள்ளே இடித்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

ஒரு மார்கழிக் காலையில் சைக்கிள் கடைக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். நாலு நாள் சொட்டு மருந்து விட்டுக் குறும்பி ஊறியிருந்தது. அன்று பார்த்து வெந்நீர்க் கெட்டில் பழுது. வெளியே வரிசை நீளம். சரி, தண்ணீர்தானே என்று குழாயில் பிடித்து, வலது காதில் சிரிஞ்சால் பீய்ச்சினேன். குறும்பி கட்டியாக வந்து டிரேயில் விழுந்தது. நான் பெருமைப்படுவதற்குள் அவர் என் கையை இறுகப் பிடித்தார். "தம்பி, சுவரெல்லாம் சுத்துதுப்பா." கண்கள் இரண்டும் மெல்ல வலப்பக்கம் நகர்வதும், வெடுக்கென்று இடப்பக்கம் தாவுவதுமாக இருந்தன. அதே டிரேயில் வாந்தி எடுத்தார்.

சிஸ்டர்தான் ஓடி வந்து படுக்க வைத்தார். "கண்ணை மூடாதீங்கய்யா, அந்த ஃபேனையே பாருங்க." இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டது. எனக்குத்தான் உடம்பெல்லாம் வியர்வை.

உள்காதின் அரைவட்டக் குழாய்க்குள் இருக்கும் திரவத்தில் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் அது கீழே இறங்கி ஓடத் தொடங்கும். தலை திரும்புகிறது என்று மூளை நம்பிவிடும். புத்தகத்தில் படித்ததுதான், கையில் சிரிஞ்சு இருந்தபோது நினைவுக்கு வரவில்லை. வியன்னாவில் காது வைத்தியம் பார்த்த ராபர்ட் பாரானியும் இப்படிக் காது கழுவும்போதுதான் இதைக் கவனித்தார். குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு பக்கமும் சூடான தண்ணீருக்கு எதிர்ப்பக்கமும் கண் தாவியது. நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பேன். அவர் ஏன் என்று யோசித்தார். 1914-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்த செய்தி வந்தபோது, ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். தலைசுற்றல் நோயாளிகளுக்கு 30 டிகிரியிலும் 44 டிகிரியிலும் தண்ணீர் விட்டு இன்றும் அதே சோதனையைச் செய்கிறோம். காதைக் கழுவ மட்டும் உடம்புச் சூடான 37 டிகிரிதான்.

அடுத்த வாரம் பெரியவர் இடது காதுக்காக வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் சிரிஞ்சை எடுத்ததும் கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ம்... இப்ப ஊத்துங்க தம்பி."