கையெழுத்துப் போடும் முன்னால்

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கும் தோழி ஒருத்தி நேற்று ராத்திரி போன் செய்தாள். எச்4 விசா, அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குக் கிடைப்பது, சம்பளம் இல்லை, அதனால் லோன் கணவர் பெயரில் மட்டும், சரி. ஆனால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய தாள் ஒன்றைத் தனியாக நீட்டி இவளைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள், படித்துப் பார்த்தால் வீட்டில் தனக்குள்ள உரிமையைக் கணவருக்கே எழுதிக்கொடுக்கும் பத்திரம்! கலிஃபோர்னியா, டெக்சாஸ் உட்பட 9 மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்து வாங்கியது, யார் பெயரில் இருந்தாலும், பொதுவாக இருவருக்கும் சொந்தம். நியூயார்க்கில் அப்படியில்லை, வீட்டுப் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குத்தான், விவாகரத்து என்று வந்தால்தான் கோர்ட் பிரித்துக் கொடுக்கும். லோனில் பெயர் இல்லாவிட்டாலும் பத்திரத்தில் பெயர் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள் பெண்களே, பெரும்பாலும் முடியும். அவள் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டாள், திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறாள்.